மூடி அக்காவும் இடது ஓரமும்

"மூடி எங்க?"

ஆளைப் பார்ப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது. மாடிப்படி ஏறி வருகிறவரின் கழுத்தில் கேமரா தொங்குவதும், அதன் லென்ஸ் மூடியில்லாமல் வெறும் முகத்தோடு இருப்பதும் கதவிடுக்கிலேயே அக்காவின் கண்ணில் பட்டுவிடும். வந்தவர் சட்டைப்பையைத் தடவுவார், கால்சட்டைப்பையைத் தடவுவார், பிறகு அசடு வழிய, "வண்டியில இருக்குக்கா" என்பார். "வண்டி மேலயா தூசு விழுது? போய் எடுத்துட்டு வாங்க." வக்கீலோ பல் டாக்டரோ, இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும். அதனால்தான் புகைப்படச் சங்கத்தில் அவருக்கு 'மூடி அக்கா' என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

கீழே சாவி செய்கிற கடை, மேலே அக்காவின் அறை. ஒரு மேஜை, கழுத்து வளைந்த விளக்கு, பச்சை விரிப்பு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்களில் உறங்கும் லென்ஸ்கள். விரிப்பின் ஓரத்தில் ஐஸ் கட்டி வைக்கிற தட்டுகள் நான்கு. லென்ஸைப் பிரிக்கும்போது முதலில் கழற்றிய திருகாணி முதல் குழிக்குப் போகும், அடுத்தது அடுத்த குழிக்கு. பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவார். "வந்த வழியே போனா வீடு வந்து சேரும்" என்பார். லென்ஸைத் திறந்துவிட்டால் மின்விசிறி நிற்கும், பேச்சும் நிற்கும், எல்லோருக்கும் வியர்வை மட்டும் ஓடும். ஒருவர் தும்மல் வரப்போய், மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். கேமரா கம்பெனி ஒன்றின் பழுதுபார்க்கும் பிரிவில் வெகுகாலம் பின்னறையில் உட்கார்ந்திருந்தவர். "அங்க எதையும் சரி பண்ண மாட்டாங்க, மாத்துவாங்க. மாத்தறதுக்கு நான் எதுக்கு?" என்று வெளியே வந்துவிட்டார். தன்னடக்கம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "என் மேஜையிலேர்ந்து போன கண்ணாடி கோளாறுன்னு திரும்பி வந்ததே இல்ல" என்பதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். பழைய ஆட்கள் கூடவே முணுமுணுப்பார்கள்.

லென்ஸ் வாங்கித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் அவர் நடந்துகொள்ளும் விதம் இன்னும் வேடிக்கை. "எந்த லென்ஸ் நல்லதுக்கா?" என்று கேட்டால் பதில் கிடையாது. "இதுவரைக்கும் எடுத்ததக் காட்டுங்க" என்று கையை நீட்டுவார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். ஒருவர் பறவை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும் என்று வந்தார். அக்கா படங்களைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு காக்கா கூட இல்லையே. எல்லாம் உங்க பொண்ணு சிரிக்கறது, அழறது, பல் விழுந்தது. பறவை லென்ஸ் வெச்சு எடுத்தா அந்தக் குழந்தைய அடுத்த தெருவுல நிக்க வெக்கணும்" என்றார். வந்தவர் முகங்களை எடுக்கிற சின்ன லென்ஸ் ஒன்றோடு இறங்கிப் போனார். இப்போது அவர் வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் நமக்கே அந்தக் குழந்தையைக் கொஞ்சத் தோன்றும்.

கேமராவுக்கும் இதே கதைதான். எத்தனை மெகாபிக்சல் என்று ஆரம்பித்தால், கேமராவைக் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொல்வார். "இப்ப வெளிச்சத்தக் குறைங்க. விரல் தேடுதா? தேடுதுன்னா இது உங்களுது இல்ல. அடுத்ததப் பிடிங்க."

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படித்தவர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒரு ரசனை இருப்பதாகவும், எனக்கும் ஒன்று இருந்தாக வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டு கேமரா தேடிப் போனேன். அக்கா என் செல்போன் படங்களைப் பார்த்தார். "என்ன பட்டதாரி, எல்லாரும் முதுகக் காட்டிட்டே நிக்கறாங்க? கேட்டு எடுக்க பயமா?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "தூரத்து லென்ஸ் வாங்கினா இன்னும் தூரமா ஒளிஞ்சிப்ப. கிட்ட போனாத்தான் எடுக்க முடியற மாதிரி ஒண்ணு தரேன்." தந்தார். அன்றிலிருந்து மாலை வேளைகளில் அந்த அறையின் ஓரத்து முக்காலி என்னுடையது. நான் கிட்டப் போகப் பழகிவிட்டேனா என்று கேட்டால் இன்னும் தெரியாது. ஆனால் பூஞ்சைக்கும் தூசுக்கும் வித்தியாசம் தெரியும்.

ஆமாம், பூஞ்சை. அக்காவின் ஜென்மப் பகை அதுதான். லென்ஸைத் தோல் பையிலேயே போட்டு அலமாரிக்குள் வைக்கிறவர்களைக் கண்டால், "ஏங்க, உள்ள குடும்பம் நடத்துது பாருங்க, மாமனார் மாமியாரோட" என்று டார்ச் அடித்துக் காட்டுவார். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல வெள்ளை வேர் ஓடியிருக்கும். தூசைப் பற்றி அவருக்கு அவ்வளவு கோபம் இல்லை. "தூசு படத்துல தெரியாது, உங்க மனசுலதான் தெரியும். அதுக்காகச் சும்மாச் சும்மா துடைச்சுக் கோடு போடாதீங்க. முதல்ல ஊதுங்க. வாயால இல்ல!" ரப்பர் ஊதி எப்போதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பேச்சு சூடானால் எதிரில் இருப்பவர் முகத்துக்கும் ஒரு ஊது விழும்.

பூஞ்சை பிடித்த லென்ஸோடுதான் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர், எழுந்த வேகத்தில் படமும் எடுப்பார். லென்ஸை மாவு மூட்டைகளுக்கு மேல் இருந்த பலகையில் வைத்திருந்தார். அடுப்புச் சூடும் மாவின் ஈரமும் சேர்ந்து உள்ளே ஒரு தோட்டமே வளர்ந்திருந்தது. அக்கா திட்டிக்கொண்டே பிரித்தார், சுத்தம் செய்தார், பூட்டினார்.

பூட்டிய லென்ஸுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கட்டடத்தின் செங்கல் சுவர். அதைப் படமெடுத்து, நடுவில் இருக்கும் செங்கலும் நான்கு மூலைச் செங்கல்களும் ஒரே மாதிரி கூர்மையாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பார். பாஸானால்தான் லென்ஸ் வெளியே போகும். அந்த வாரம் பார்த்து அந்தச் சுவருக்குப் பூச்சு பூசி, வெள்ளையடித்து, மொழுமொழுவென்று ஆக்கிவிட்டார்கள். வழவழப்பான வெள்ளையில் கூர்மை ஏது, மங்கல் ஏது? அக்கா கீழே எட்டிப் பார்த்து, தெருவோரம் நிறுத்தியிருந்த சாவிக்கடைப் பலகையை நடுவில் வைத்து ஒரு படம் எடுத்தார். எழுத்து பளிச்சென்று இருந்தது. "போதும், கை பொய் சொல்லாது" என்று கொடுத்துவிட்டார். நான் முக்காலியில்தான் இருந்தேன். எனக்கும் போதும் என்றுதான் பட்டது.

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி நூலக மாடியில் நடந்தது. முதல் பரிசு ரொட்டிக்கடைக்காரருக்கு. படத்தின் வலது பக்கம் அடுப்பிலிருந்து வெளியே வரும் தட்டு. ஒவ்வொரு ரொட்டியின் மேலும் வெடித்த கோடுகள் தொட்டால் சுடும் போல. இடது பக்கம் ஜன்னலுக்கு வெளியே காத்து நிற்கும் ஆட்கள், உருவம் கரைந்து, வெறும் வெளிச்சமாக. நடுவராக வந்த ஓவியர், "வலது பக்கம் உழைப்பு, இடது பக்கம் கனவு" என்றாராம். ரொட்டிக்கடைக்காரர் அதை வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி எடுத்தீங்க என்று கேட்டவர்களிடம், "வேணும்னுதான் அப்படி எடுத்தேன். கைப்பழக்கம்" என்றார். இதே பாணியில் இன்னும் நிறைய எடுத்து, அடுத்த கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க மாட்டப்போகிறாராம்.

அக்கா படத்தின் முன் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு இடது ஓரத்துக்கு மூக்கு படுகிற அளவுக்குப் போனார்.

"இது அந்த லென்ஸ்ல எடுத்ததாண்ணே?"

"பின்ன? நீங்க கை வெச்ச நேரம்கா! அதுக்கப்புறம்தான் இப்படி ஒரு இது வருது."

நானும் அக்காவும் வீடு திரும்பும்போது அக்காவின் கணவரும் உடன் வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "நான் உள்ள எடுக்கறேன், அவ வெளிய எடுக்கறவங்களுக்கு ஊழியம் பாக்கறா" என்று வேடிக்கையாகச் சொல்கிற மனிதர். அன்று அக்கா பாதி வழி வந்ததும் நின்றார்.

"ஏங்க, அது கனவு இல்ல. என் தப்பு. உள்ள கண்ணாடி சாஞ்சிருக்கு."

"அந்த ஆள் பரிசு வாங்கிட்டுச் சந்தோஷமா இருக்காரு. நோயாளியே வலி இல்லங்கறான், உனக்கு ஏம்மா வலிக்குது?"

"எலும்புல விரிசல் தெரிஞ்சா நீங்க சொல்லாம அனுப்புவீங்களா?"

"டாக்டர்தான் சொல்லணும். நான் படம் எடுக்கறவன் மட்டும்."

"எங்க கடையில டாக்டரும் நான்தான்" என்று அக்கா வீட்டுக்குப் போகாமல் கடைப் பக்கம் திரும்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

மூன்றாவது ஐஸ் தட்டில் கிடைத்தது. அந்த லென்ஸின் உள் கண்ணாடி மூன்று சின்னத் தகடுகளின் மேல் உட்காருகிறது. முடி கனம்தான் ஒவ்வொன்றும். அதில் ஒன்று குழியின் விளிம்போடு விளிம்பாக ஒட்டிக்கொண்டு, தட்டின் வெளுப்போடு வெளுப்பாகக் கிடந்தது. மூன்று கால் முக்காலிக்கு ஒரு கால் குட்டை. அக்கா அதை இடுக்கியால் எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னால் போவது அவர் பெயர். திரும்பி வந்ததே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்த பெயர். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பரிசு வாங்கியவர் உட்பட. அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தால் தகட்டை ஊதிவிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி தப்பு செய்ததாக ஒப்புக்கொண்டால், வீடே சேர்ந்து தோற்ற மாதிரி எனக்குத் தோன்றும். அக்கா போனை எடுத்தார்.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் சூடான பன் பொட்டலத்தோடு படியேறினார். லென்ஸில் மூடி இல்லை. அக்கா கேட்கவில்லை. அப்போதே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பொட்டலத்தைக் கீழே வைக்காமல் நின்றார்.

அக்கா விரலை நீட்டினார். "இது உங்க லென்ஸுக்குள்ள இருக்க வேண்டியது. நான் மாட்ட மறந்துட்டேன். அதனாலதான் இடது பக்கம் கரையுது. நீங்க எடுத்த எல்லாப் படத்துலயும் கரையும்."

அவர் தகட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "வேணும்னு எடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேக்கா."

"அது உங்க பாடு. என் பாட்ட நான் சொல்லிட்டேன்."

"அப்படியே விட்டுட முடியாதா? சுவர் முழுக்க மாட்டறேன்னு வேற சொல்லிட்டேன்."

"உங்க லென்ஸ். விடுன்னா விடறேன். ஆனா இத வெச்சு வேற எதுவும் எடுக்கறதில்லையா நீங்க?"

அவர் யோசித்தார். திடீரென்று முகம் மாறியது. "அடக் கடவுளே. எங்க அண்ணன்!" என்றார். வீட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தாராம். இடது கோடியில் அண்ணன். மங்கலாக விழுந்துவிட்டார். மறுபடி எடுத்தார், மறுபடியும் மங்கல். "ஒரு நிமிஷம் அசையாம நிக்கத் தெரியாதா உனக்குன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்கா. அவரு மூச்சக் கூட விடாம நின்னாரு. அப்புறம் நான் இல்லாமலே எடுத்துக்கடான்னு ஒதுங்கிட்டாரு."

பொட்டலத்தை மேஜை ஓரத்தில் வைத்தார். லென்ஸை விரிப்பின் மேல் தள்ளினார்.

மின்விசிறி நின்றது, தகடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பரீட்சைக்கு இப்போது செங்கல் சுவர் கிடையாது. அக்கா எதிர்க் கட்டடத்துக் காவலாளியிடம் பேசி, பொடி எழுத்து விளம்பரப் பக்கமாகப் பார்த்து நான்கு செய்தித்தாள்களை வெள்ளைச் சுவரில் மூலைக்கொன்றாக ஒட்ட வைத்தார். இது முன்பே தோன்றியிருக்கலாம் என்று அவரே தலையில் தட்டிக்கொண்டார். படம் எடுத்துப் பெரிதாக்கியதும் ரொட்டிக்கடைக்காரர் குனிந்து வலது ஓரத்தை வாய்விட்டுப் படித்தார்: "ஓட்டுநர் தேவை." இடது ஓரத்துக்கு நகர்ந்தார்: "மாடி வீடு வாடகைக்கு. நாய் வளர்ப்போர் வேண்டாம்." "சரி. இன்னிக்கே போய் அண்ணன நிக்க வெக்கறேன். இடது பக்கமே" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சங்கத்தில் அவர் என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த வாரம் பரிசுப் படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார். "வீட்டுல மாட்டினா தினம் உறுத்துது. நீங்க வெச்சுக்கங்க. பாதி நீங்கதான எடுத்தது" என்றார். அக்கா மறுப்பார் என்று நினைத்தேன். சுத்தியலை எடுத்துவரச் சொன்னார்.

இப்போது அது மேஜைக்கு நேர் எதிரே, படியேறி வருகிற யார் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்குகிறது. யார் எடுத்தது என்று கேட்பவர்களிடம், "வலது பக்கம் ரொட்டிக்கடைக்காரர் எடுத்தது. இடது பக்கம் நான் எடுத்தது" என்று சொல்லிவிட்டு, முழுக் கதையையும் சொல்கிறார். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்ற பழைய வசனத்தைப் புதிதாக வருகிறவர்களிடம் இன்னும் ஆரம்பிக்கத்தான் செய்கிறார். பாதியில் நிறுத்தி, "ஒண்ணு வந்தது. நானே கூப்பிட்டேன்" என்று முடிக்கிறார். பழைய ஆட்களுக்கு இன்னும் அந்தப் புது முடிவு வாயில் பழகவில்லை.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அந்தச் சட்டத்தின் கண்ணாடிதான். ரப்பர் ஊதியால் ஊதுகிறார், மெல்லிய துணியை எடுக்கிறார், வலது பக்கத்திலிருந்து தொடங்கி மெதுவாகத் துடைத்துக்கொண்டு வருகிறார். இடது ஓரம் வந்ததும், அங்கே துடைக்க ஒன்றும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தும், இன்னொரு முறை ஊதிவிட்டு மறுபடி துடைக்கிறார்.