இடது கைக்கு மட்டும் சாரல்

எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்போம். என் லாத்தா மகளுக்குக் கல்யாணம் வைத்தது சரியாகச் சாரல் சீசனில். குற்றாலத்தில் அருவி கொட்டினால் எங்கள் தென்காசித் தெரு வரைக்கும் குளிர்காற்று வந்து போகும். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நான்தான் பெண்ணுக்கு மருதாணி போட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளையின் அக்கா கையைப் பார்க்க வருவாள். எவ்வளவு சிவக்குதோ அவ்வளவு புருஷன் பாசம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. வெளுத்துப்போனால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாள்.

"காத்துல காயட்டும், நல்லா சிவந்திரும்" என்று லாத்தா பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். காய்வதும் சிவப்பதும் ஒன்று என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. பெண்ணுக்கு வயிற்றுவலி வேறு. மடியில் வெந்நீர்ப் பை. வலது புறங்கையை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள். இடது கை ஜன்னலில் சாரல் வாங்கியது.

மத்தியானம் உதிர்த்துப் பார்த்தால், வலது கை மாதுளை. இடது கை கேசரி.

"சாச்சி! அவுகளுக்கு ஒரு கை மேலதான் பாசமா?" என்று என்னைப் பார்த்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, அழாத. அந்தக் கையப் புரோட்டாக் கல்லுல வச்சு எடுத்திரலாம்" என்றேன்.

எனக்கு வேதியியல் என்பது போனில் வீடியோ பார்த்துப் பொறுக்கியதுதான். சாயம் தோலோடு சேர, முதலில் ஓர் ஏற்றம் ஏறியாக வேண்டும். பண்பொழி மலைக்கோவில் படி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடிவாரத்தில் கூட்டம், தெம்புள்ளவர்கள்தான் உச்சியைத் தாண்டுகிறார்கள். அந்த ஏற்றத்துக்குப் புத்தகப் பெயர் கிளர்வு ஆற்றல். சூடு வந்தால் மலை ஒன்றும் குட்டையாகாது. ஏறுகிறவர்களில் நிறையப் பேருக்குக் காலில் தெம்பு வந்துவிடும், அவ்வளவுதான். குளிரில் பாதிப் பேர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

மிச்ச விழுதை இடது கையில் அப்பி, ஜன்னலைச் சாத்தி, வெந்நீர்ப் பையை இடம் மாற்றினோம்.

"இன்னும் கொதிக்கக் கொதிக்க ஊத்தட்டுமா?" லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"கை சிவக்கணும் லாத்தா, வெந்திரக் கூடாது."

சாயங்காலம் மாப்பிள்ளையின் அக்கா வந்தாள். இடது கை கேசரியைத் தாண்டிச் செங்கல்வரை வந்திருந்தது, மாதுளையை எட்டவில்லை. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன, ஒண்ணு தூக்கலா, ஒண்ணு மட்டமா? என் தம்பி பாசம் இவ்வளவுதானா?"

பெண்தான் நிமிர்ந்தாள். "மைனி, உங்க தம்பி துபாய்ல ஏசிக்குள்ளயே கிடந்துட்டு இப்பத்தான வந்திருக்காக? சூடேற நேரம் ஆகும்லா?"

வாயில் வைத்த டீ அந்த அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "வாயாடியால்லா இருக்கா!" என்று இருமிக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு அந்த இடது கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். "கொண்டா, நாளைக்கு அவன் வரமுட்டும் நான் சூடு பண்ணுதேன்."