மூன்று பேருக்கான படகு

நாங்கள் மூவரும் விழுப்புரத்தில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை ஆனேன். என் தோழி கோலியனூர் போகிற சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்தாள். நண்பன் கோட்டக்குப்பத்துக்காரன். வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அந்தப் பட்டறை மூடியதும் ஊர் திரும்பியிருந்தான்.

படகைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தோப்பில், சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்ட ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பாய்மரப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பதினாறு அடி நீளம், ஃபைபர் உடம்பு. தோப்புக்காரருக்கு அதை அப்புறப்படுத்தினால் போதும் என்றிருந்தது. நாற்பத்தைந்து வயதில் இது நமக்குத் தேவையா என்று நான் கேட்டேன். தோழி கேட்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன யானை வண்டி பிடித்து வந்துவிட்டாள்.

திண்டிவனத்தில் என் வீட்டுப் பின்புறம்தான் இடம் இருந்தது. கடலிலிருந்து அத்தனை தூரத்தில் ஒரு படகு வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. ஏரி உடையப் போகிறதா டீச்சர் என்று எதிர்வீட்டுக்காரர் அக்கறையாகவே விசாரித்தார்.

ஏழு மாதம் ஆயிற்று. பழைய பெயிண்டைச் சுரண்டினோம். அடியில் கை நுழைகிற அளவுக்கு இருந்த விரிசலை அவன் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து, அடுக்கடுக்காக மூடினான். ரெசின் நாற்றம் என் சமையலறை வரை வந்து சாப்பாட்டிலேயே ஏறியது. படகு காற்றில் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை உளுத்துப் போயிருந்தது. தச்சரிடம் தேக்கில் புதிதாகச் செய்தோம். பாய்தான் பெரிய வேலை. தார்ப்பாய் மாதிரி தட்டையாகத் தைத்தால் காற்று வழுக்கிப் போய்விடும், வயிறு வைத்துத் தைக்க வேண்டும் என்றான் அவன். தோழி இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். மூன்றாவது முறை அவள், "ரவிக்கை தைக்கிற மாதிரி சொல்லியிருந்தா அன்னிக்கே முடிச்சிருப்பேன்டா," என்றாள்.

மரக்காணம் உப்பங்கழியில் படகை இறக்கினோம். உப்பளத்துக்காரர் ஒருவர் தன் கொட்டகையில் அதை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். ஞாயிறு மதியம் கடல் காற்று எழும்பும் நேரத்துக்குப் போய்விடுவோம். பாய் முதல்முறை காற்றைப் பிடித்து விறைத்தபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் பயந்து அவன் பக்கம் நகர, அதுதான் சரி, அப்படியே உட்காருங்கள் என்றான். சத்தமே இல்லாமல் தண்ணீர் மேல் போனோம். எஞ்சின் இல்லாத வேகம் எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாலாவது ஞாயிறு கழி நடுவில் காற்று நின்றுபோனது. துடுப்பைக் கரையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தோம். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையைத் தோல் உரித்துத் தின்றோம். எதையெதையோ பேசினோம். வெயில் தணிந்த பிறகு அவன், "எனக்கு விசா வந்துடுச்சி," என்றான்.

எப்போது என்று தோழி கேட்டாள்.

"பாய் ரெண்டாவது வாட்டி பிரிச்சப்பவே. சொன்னா நீங்க வேலையை நிறுத்திடுவீங்க. அதான் நாளைத் தள்ளிக்கினே வந்தேன்."

அவள் மிச்சமிருந்த மல்லாட்டையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். நண்டு பிடிக்கிறவர் ஒருவர் வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துப்போகும் வரை யாரும் கரையைப் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறை முயன்றோம். திருப்பும்போது படகு கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். சேற்றில் நின்று சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அவன் இருந்திருந்தா திட்டியிருப்பான்டி," என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் மகளுக்குப் பிரசவம் பார்க்க ஓசூர் போனவள், பேரனை விட்டு வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டாள். கடையைக் கைமாற்றியாயிற்று.

அவன் எப்போதாவது வீடியோவில் கூப்பிடுவான். படகைப் பற்றித்தான் கேட்பான். இந்த நோன்புப் பெருநாளுக்கும் லீவு கிடைக்கவில்லையாம். நான் குடும்பத்தை விசாரிப்பேன். வா என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவனுக்குத் தூக்கம் கெடும்.

இப்போது தனியாகவே ஓட்டக் கற்றுக்கொண்டேன். மூன்று பேரின் கனத்துக்குப் பழகிய படகு, ஒருத்திக்கு நிற்காமல் துள்ளுகிறது. அதனால் இரண்டு சாக்கில் மணல் நிரப்பி, அவர்கள் உட்காரும் இடத்தில் வைத்திருக்கிறேன். திசை மாற்றும்போது பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் வேகமாக வீசி வரும். அப்போது, "குனிஞ்சிக்கோங்க," என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. போன ஞாயிறும் சொன்னேன். நல்ல காற்று. கழியின் அக்கரை வரை போய் வந்தேன்.