வாசலுக்கு வந்த விமானம்

பாலிகஞ்சில் ஒரு சந்து. அதில் குடியிருக்கும் ஒரே தமிழர் வெங்கடநாராயணன், ரிடையர்டு பேங்க் ஆபீசர். பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தாதான். ஊர் என்று போனது ஸ்ரீரங்கத்துக்கு மட்டும், அதுவும் கல்யாணங்களுக்கு. ஆனால் கோயில் என்று பேச்செடுத்தால் மனுஷனை நிறுத்த முடியாது. ராஜராஜ சோழனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசுவார்.

இந்த வருஷம் சந்து கிளப்பின் துர்கா பூஜைப் பந்தல் தஞ்சைப் பெரிய கோயில் என்று முடிவானது. செக்ரட்டரி பிஜன் நேராக இவரிடம் யோசனை கேட்க வந்தார். தஞ்சாவூரை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வெங்கடநாராயணன் சொல்லவில்லை. போனில் காட்டிய படத்தில் உயரமாக நின்றதைத் தொட்டு, இதுதான் வாசல் கோபுரம், சன்னதிக்கு மேல் விமானம் சின்னதாக இருந்தால் போதும் என்று அடித்துச் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் அப்படித்தான் பார்த்திருந்தார். தஞ்சையிலோ உயரமெல்லாம் விமானத்துக்குத்தான், வாசல் கோபுரங்கள் குள்ளம்.

மூங்கிலும் துணியும் தெர்மோகோலும் ஏறின. வாசலில் வானத்தை முட்டும் கோபுரம், உள்ளே துர்கைக்கு மேல் குட்டி விமானம். நந்தி, துவாரபாலகர் எல்லாம் ஜோர். சாயங்காலம் தவறாமல் வெங்கடநாராயணன் அங்கவஸ்திரத்தோடு வந்து நின்று, போகிற வருகிறவர்களுக்கு விளக்கினார்.

சஷ்டியன்று சிறந்த பந்தல் பரிசுக்காகப் பார்வையிட நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, விமானம் ஏன் வாசலுக்கு வந்துவிட்டது என்று கேட்டார். வெங்கடநாராயணன் வாயைத் திறப்பதற்குள் பிஜன் முந்திக்கொண்டார். சந்து குறுகல், உள்ளே உயர்த்திக் கட்டினால் ரோட்டிலிருந்து தெரியாது, அதனால் மாற்றினோம் என்றார். இவர் வேண்டாமென்றுதான் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவர் தலையாட்டினார்.

பரிசு வேறு கிளப்புக்குப் போனது. அஷ்டமியன்று துர்கைக்குப் புஷ்பாஞ்சலி முடிந்ததும் வெங்கடநாராயணன் பிஜனைத் தனியாக அழைத்து, தப்பு என்னுடையது என்றார்.

"தெரியும் தாதா," என்றார் பிஜன், வங்காளத்தில் அண்ணனை அழைக்கிற மாதிரி. "பாதி கட்டும்போதே தெரிஞ்சுபோச்சு. நீங்க தினமும் அவ்வளவு சந்தோஷமா வந்து நின்னீங்க. எப்படிச் சொல்றது?"

திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்ன வீட்டுக்கு வந்தார். மனைவி தமயந்தி சாதம் போட்டபடியே, ஏன் பரிசு கிடைக்கவில்லை என்று கேட்டாள்.

"சந்து குறுகல். நான் அப்பவே வேண்டாம்னேன், அவா கேக்கலை."

வாயிலிருந்து வந்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"உங்க பேச்சைக் கேட்டிருக்கலாம், பாவம்," என்று தமயந்தி இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.