வவுணதீவு வட்டையில் ஒரு மூளை மாநாடு

வெள்ளிக்கிழமை காலை மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஏறி, மாகோவில் வண்டி மாறி, உட்கார்ந்தபடியே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கருவில் மூளையும் நரம்பும் வளரும் விதத்தைப் பேச, வைத்தியர்களும் விஞ்ஞான ஆசிரியர்களுமாக இருபது பேர் கூடும் மாநாடு அது. அதில் பேசப்போகும் ஒரே பெண் நான். பெண்கள் கல்லூரியில் தவளையும் தும்பியும் படிப்பிக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

மாநாட்டுத் தலைவர் கொழும்பில் தொழில் பார்க்கும் யாழ்ப்பாணத்து டாக்டர். முன்பே என் எண்ணத்தை அவருக்கு எழுதியிருந்தேன். மண்டப வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தவளை முட்டையில மூளை உண்டாகிறதை உயிரோட காட்டுவன் எண்டு எழுதினியள். காட்டினால் பேசுங்கோ பிள்ளை. கரும்பலகையில படம் கீறுறதெண்டால் வேண்டாம். அதை நாங்கள் எல்லாரும் செய்யிறம்."

எனக்கு ஒதுக்கியது ஞாயிறு பின்னேரம் நாலு மணி. முட்டை இட்ட மூன்றாம் நாள்தான் மூளைக்கான பள்ளம் தோன்றும் என்று என் ஆங்கிலப் புத்தகம் சொன்னது. முதல்நாள் இரவு மழையில் இட்ட முட்டை கிடைத்தால் கணக்குச் சரி. உடனே இரண்டு சதம் கொடுத்துத் தோணியில் வாவியைக் கடந்து வவுணதீவுக்குப் போனேன். வயல்வெளியை அங்கே வட்டை என்கிறார்கள். அந்த வட்டைக்குச் சொந்தக்காரரான கந்தப்போடியார் சிரித்தபடியே ஒரு கோப்பை முட்டை அள்ளித் தந்தார். நான் தங்கியிருந்த நேர்ஸ் பொன்னம்மாக்காவின் வீட்டு விறாந்தையில் அதைப் பத்திரமாக வைத்தேன்.

சனிக்கிழமை விடியவே பொன்னம்மாக்காவின் சத்தம்.

"டீச்சர், ஓடி வாங்க! உங்கட முட்டைக்கு வால் முளைச்சிட்டு!"

ஓடிப்போய்ப் பார்த்தால் கோப்பை நிறையக் குஞ்சுகள் நெளிகின்றன. ஐயோ! புத்தகம் எழுதிய புண்ணியவான் குளிர்தேசத்துக்காரன். மட்டக்களப்பு வெக்கையில் தவளை மூன்று நாள் காத்திருக்குமா? இரவு இட்ட முட்டையில் மறுநாள் காலையிலேயே பள்ளம் விழுந்து மூடியும்விடும். நாலு மணிக்குப் போனால் வாலைத்தான் காட்டலாம். இருபது பேர் முன்னால் என் மானம் கப்பலேறப் போகிறது.

தலைவரிடம் ஓடினேன். ஞாயிறு காலையில் எனக்கு நேரம் தாருங்கள், அன்று விடிய இன்னொரு கோப்பை கொண்டுவருகிறேன் என்றேன்.

"காலமை என்ரை பேச்சு இருக்கு. நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சாச்சு பிள்ளை. அச்சடிச்சது அச்சடிச்சதுதான்."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் பற்றிவிடும். ஆனால் வானம் என் பக்கம். பின்னேரம் பிடித்த மழை கொட்டு கொட்டென்று கொட்டியது; அன்றிரவும் தவளைகள் முட்டையிடும். வாவி இறால் குழம்பும் எருமைத்தயிருமாக எல்லோரும் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் எழுந்து நின்றேன். "மூளை முளைக்கிறதைப் பார்க்க விருப்பமான ஆக்கள் நாளைக் காலமை தோணித்துறைக்கு வாங்கோ. வட்டைக்குள்ளயே காட்டுறன்." தலைவர் தயிரை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஞாயிறு காலை இரண்டு பேர் வந்தால் பெரிது என்றுதான் துறைக்குப் போனேன். ஆசை யாரை விட்டது? பதினெட்டுப் பேர் நின்றார்கள்! தோணி இரண்டு தரம் போய்வர வேண்டியதாயிற்று. கந்தப்போடியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னகா இது, தவக்கை முட்டைக்கா இத்தின துரைமாரும் வந்திரிக்காங்க? விதைச்ச பயிரிரிக்கி, உள்ளுக்க கால வெச்சிராதீங்க. வரம்பில நில்லுங்க!"

வரம்போரத் தண்ணீரில் முட்டைகள் பாலாடைபோல் படர்ந்திருந்தன. பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வெறும் கறுப்பு உருண்டைகள். அடுத்த படலத்துக்குத் தாவினேன், அதிலும் இல்லை. மூன்றாவதில் இருந்தது! உருண்டையின் முதுகில் மெல்லிய பள்ளம், இருபுறமும் வரம்பாக எழுந்த இரண்டு மடிப்புகள். "வாங்கோ, வாங்கோ!" என்று கத்தியே விட்டேன். பதினெட்டுப் பேரும் வரம்பில் முழந்தாளிட்டார்கள்.

அப்போதுதான் கோட்டும் தொப்பியுமாகத் தலைவர் வந்தார். "மண்டபத்தில நானும் கதிரையளும்தான்" என்றவர், சொல்லி முடியுமுன் வழுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கினார். போடியார் தூக்கிவிட்டார். கோட்டைத் தட்டக்கூட நில்லாமல் கண்ணாடியை என் கையிலிருந்து பறித்தார். கொழுக்கட்டை மாவின் இரு ஓரங்களையும் தூக்கி ஒட்டுவதுபோல அந்த மடிப்புகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் இன்னும் கிட்டக் குனிந்தார்.

"மூடுது... பிள்ளை, மூடுது! முப்பது வருஷமாப் படம் கீறினன். உயிரோட இண்டைக்குத்தான் காணுறன்."

போடியாரும் எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளயா டீச்சர் மூளை வாற?"

"ஓம் போடியார். உங்களுக்கும் எனக்கும் தாய் வயிற்றுக்குள்ள இப்படித்தான் மூடினது."

முழங்காலெல்லாம் சேறாய் நின்ற டாக்டர்மாரைப் போடியார் ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "இவங்களுக்குமா?"

வட்டையே அதிரச் சிரித்தோம். எல்லாரிலும் உரக்கச் சிரித்தவர் தலைவர்தான்.

நாலு மணிக்கு அச்சடித்த நிரலின்படி என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி, "எல்லாரும் கண்ணால கண்டிட்டியள். நான் சொல்ல ஒண்டுமில்லை" என்றேன்.

சேறு காய்ந்த காற்சட்டையோடு முன்வரிசையில் இருந்த தலைவர் எழுந்தார்.

"இருக்கு பிள்ளை. நாங்கள் என்ன கண்டனாங்கள் எண்டு எங்களுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். விளக்கேற்றும் நேரம்வரை சொன்னேன். திங்கள் காலை வண்டி வாவியை விட்டு விலகும்போதும் என் வாய் ஓயவில்லை. எதிரே இருந்த ஏறாவூர் வியாபாரி பாவம், வாழைச்சேனையில் இறங்கும்வரை கேட்டுக்கொண்டு வந்தார்.