ராஜா வேண்டாம் என்று சொல்லவில்லை

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவருக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவர். வாரத்துக்கு இரண்டு தடவை வேலூருக்கு பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ். மெஷினில் படுத்தால் நாலு மணி நேரம் நகர முடியாது. அவருக்குப் பொழுது போகவேண்டுமே என்று, நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்து நூலகத்திலிருந்து எதையாவது எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். ஒரு நாள் கைக்கு அகப்பட்டது, கிரேக்கப் புராணக் கதைகளைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதிய ஒல்லிப் புத்தகம்.

என் நேரம், அந்தக் கதையில் போய் விழுந்தேன்.

ஒரு ராஜா. வாலிப வயது. சாவு வந்து வாசலில் நிற்கிறது. தெய்வம் இரக்கப்பட்டு ஒரு சலுகை தருகிறது: உனக்குப் பதிலாக வேறு யாராவது வர ஒப்புக்கொண்டால் நீ பிழைக்கலாம். ராஜா ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்கிறான். சேவகர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெற்ற தகப்பனும் தாயும் மாட்டோம் என்கிறார்கள்.

அந்த இடத்தில் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தேன். கட்டிலின் கால்மாட்டில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். போன மாதம் டாக்டர், "வீட்ல யார் கிட்னி குடுக்கறீங்க?" என்று கேட்டபோது, "எங்களுக்கு வயசாயிடுச்சு டாக்டர், அவருக்கு சுகர் வேற" என்று மாமனாருக்கும் சேர்த்து அவரே சொல்லி முடித்துவிட்டார். ஐம்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோதான் ஆகியிருக்கும் மாமியாருக்கு. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் ரத்த குரூப்பும் பொருந்தித் தொலைத்தது. தருகிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. "அவ குடுப்பா" என்று நான் அங்கேயே நிற்கும்போது பேசிக்கொண்டார்கள்.

நிறுத்தினால் தப்பாகத் தெரியும் என்று மேலே வாசித்தேன். ராணி, நான் போகிறேன் என்கிறாள். ராஜா கதறுகிறான். இன்னொருத்தியை ஏறிட்டும் பார்க்கமாட்டேன் என்கிறான். "வேண்டாம், போகாதே" என்று மட்டும் அவன் வாயில் வரவில்லை. அவள் செத்துப்போகிறாள்.

"நல்ல பொம்பள" என்றார் என் கணவர், கண்ணை மூடியபடியே. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் கணவர்மேல் எனக்கு ஆசை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் பிழைக்க வேண்டும் என்று தினமும் முழங்கால் போட்டு ஜெபித்தவள் நான். ஆனால் என்னை அறுக்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே கை கால் ஜில்லென்று ஆகிவிடும். ஒரே ஒரு தடவை, "உனக்கு பயமா இருக்கா?" என்று அவர் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. இதற்குள் சர்ச்சில் எனக்காக ஜெபம் ஏறெடுத்துவிட்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். இனி எந்தப் பக்கம் திரும்புவது?

கடைசிப் பரிசோதனைக்கு முன்னால், கொடுக்கிறவரைத் தனியாக விசாரிப்பது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். ஒரு டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, "மனசார குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் எதையும் எழுதவில்லை. "வேணாம்னா இப்பவே சொல்லுங்கம்மா. கடைசி டெஸ்ட்ல பொருந்தலன்னு மட்டும் வீட்ல சொல்வோம். காரணம் யார்கிட்டயும் போகாது."

என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்கு வேணாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அழுதேன். பிள்ளைக்காகத் தயங்கினேன் என்று எழுத ஆசைதான். மூன்று வயது மகள் அந்த நேரம் என் நினைப்பிலேயே இல்லை.

பொருந்தவில்லை என்றதும் வீடு இடிந்துபோனது. மூன்று நாள் கழித்து மாமியார் தானாகவே, "எனக்கு டெஸ்ட் எடுங்க" என்றார். பொருந்தியது. கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அவர் இருந்த வார்டுக்குள் என்னை விட்ட முதல் நாளே, "உன்னுது சேரலன்னு மனசுல வச்சிக்காத. நீ குடுக்கறேன்னு வந்தியே, எனக்கு அது போதும்" என்றார் கணவர். பிறகு வீட்டுக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். நான் ஒவ்வொரு தடவையும் காபி போட உள்ளே போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். மாமியாருக்கு முதுகில் வெந்நீர் ஊற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றார். "மொதல்ல டாக்டர் கேட்டப்ப வயசாயிடுச்சுன்னு சொன்னேன் பாரு, அது வயசு இல்ல. பயம். பெத்தவ நான் பயந்துகிட்டு உன்ன மாட்டிவுட்டுட்டேன். அந்தக் கதைய நீ படிச்சப்ப, என்னக் குத்திக்காட்டத்தான் படிக்கறன்னு நெனச்சேன். என்ன மன்னிச்சிடும்மா."

சொல்ல இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"பரவால்ல அத்தை. நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல" என்றேன்.

"உனக்குப் பெரிய மனசும்மா" என்று என் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.