பஞ்சர் மெம்பர் போட்ட விதி

எங்கள் பெரியம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் கப்பல் வேலைக்குப் போய் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் குடும்பமாகிவிட்டார். அடுத்தது கைக்குழந்தையிலேயே தவறிப்போனது. மிச்சம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அந்த ஆணைத்தான் ஊர் பஞ்சர் மெம்பர் என்று கூப்பிட்டது. எனக்கு அண்ணன் முறை. பெண்ணை நாங்கள் எல்லோரும் சின்னக்கா என்போம். அண்ணனுக்கு அவள் தங்கை என்றாலும், சின்ன வயதில் அவள் ஓர் அதட்டல் போட்டால் அண்ணன் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அண்ணனின் டயர் கடை. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, வந்த ஆளிடம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். எந்த ரோட்டில் வந்தாய், எவ்வளவு பாரம் ஏற்றினாய், ஏன் ஏற்றினாய். ஒரு பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் அவன் மாமனார் வீட்டுச் சண்டை வரைக்கும் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைக்கு முன்னால் சாக்கடை மூடி உடைந்து ஒரு பெரியவர் காலை ஒடித்துக்கொண்டார். மூடியை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்க அண்ணன் நகரசபைக்குப் போனார். பிறகு அதையே கேட்கப் போய்க்கொண்டே இருந்தார். இவ்வளவு கேட்கிற ஆள் உள்ளேயே போய் உட்கார்ந்து கேட்கட்டும் என்று கடைத்தெருக்காரர்கள் பாதி விளையாட்டாகத் தேர்தலில் நிறுத்தினார்கள். ஜெயித்துத் தொலைத்துவிட்டார்.

உள்ளே போனால் சாலைக் குழுவுக்கும் கட்டடக் குழுவுக்கும் அடிபிடி. சுகாதாரமும் மக்கள் நலமும் பார்க்கிற குழுவில் உட்கார ஆளில்லை. புது ஆளை அங்கே தள்ளினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குவது, முதியோருக்குச் சத்துமாவு கொடுப்பது, படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட வீட்டுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அந்தக் குழுவின் கையில். செலவுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியது அவர்கள்தான். டீ ஆறுவதற்குள் கொடுத்துவிட்டு எழுந்து போவது வழக்கமாக இருந்தது.

அண்ணனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வீட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியின் பில் வந்தபோது ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். ஒரு பெயரில் விரல் நின்றது.

“இந்தக் கடிகாரக்காரரைத் தினம் குளிப்பாட்டுறதா போட்டிருக்கே. இவரை நானே தோள்ல தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ணினேன். இப்ப எங்க வச்சுக் குளிப்பாட்டுறாங்க?”

மற்ற மெம்பர்கள் சிரித்துவிட்டார்கள். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. கம்பெனி அவருடைய மச்சானுடையது.

அன்றைக்குப் பிடித்த பிடியை அண்ணன் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அதே பேச்சு. தலைவர் அலுத்துப்போய், சரி, என்னதான் வேணும் உங்களுக்கு என்று கேட்டார். உதவி பெறுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் வருஷம் ஒரு தரம் அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் விஷயம் வந்தால் அந்த மெம்பர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். இவை இரண்டும் அண்ணன் கேட்டவை. குமாஸ்தா மெல்லத் தொண்டையைச் செருமி, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் போய்த் திரும்பினால் வண்டிச் செலவு தண்டம், அதனால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நியாயம்தானே என்று அண்ணன் தலையாட்டினார். உதவி தேவைப்படாத வீடு என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம் என்று இன்னொருவர் ஒரு வரி சேர்த்தார். அதற்கும் தலையாட்டினார். ஏனென்றால் நகரசபை அனுப்பிய ஆளை வைத்துக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த வசதியான வீடுகளும் இரண்டு மூன்று உண்டு.

முதல் சுற்றில் செத்தவர்கள் எல்லாம் பில்லிலிருந்து போனார்கள். காய்கறி வீடுகளும் போயின. கடைத்தெருவில் அண்ணனுக்கு ஏக மரியாதை. காற்று இறங்குகிற இடத்தைக் கண்டுபிடிக்க நம்ம ஆளை விட்டால் யார் என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு வருஷம் அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சின்னக்கா வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பையன், பெயின்ட் அடிக்கிற வேலை. முதல் சுற்று முடிந்த சமயம், தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடிக்க ஏறியபோது ஏணி சறுக்கி விழுந்தான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போய்விட்டது. வாய் மட்டும் முன்னைக்கு இரண்டு பங்காயிற்று. தலைமாட்டுச் சுவரில் காரை உரிந்திருப்பதைக் காட்டி, இந்தச் சுவருக்கு ஒரு கோட் அடிக்க ஆள் கிடைக்குமா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பான்.

நகரசபை அனுப்பிய ஒரு பெண் தினமும் காலையில் வருவாள். காலையம்மா என்றே அவளுக்குப் பெயராகிவிட்டது. நல்ல உடம்பு. அவனை ஒரே புரட்டில் புரட்டி, குளிப்பாட்டி, மூத்திரக் குழாயைச் சுத்தம் செய்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்து கதை பேசுவாள். அந்த நேரத்தில்தான் சின்னக்கா பிஸ்கட் கம்பெனிக்கு அரை நாள் வேலைக்குப் போய்வருவாள். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. காலையம்மா நின்றால் வேலை நிற்கும். அது மட்டுமில்லை, சின்னக்காவுக்கு இடுப்பு போய்விட்டிருந்தது. தன்னைவிட இரண்டு மடங்கு கனமுள்ள மகனை அவளால் தனியாகப் புரட்ட முடியாது.

இரண்டாவது சுற்றில் அந்த வீட்டுக்கும் கடிதம் வந்தது. இன்ன தேதிக்கு மேற்பார்வை மேடம் வருவார்கள் என்று.

அண்ணனுக்கும் தெரியும். சின்னக்காவிடம் போய், உள்ளதை உள்ளபடி காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்திருக்கிறார். சொன்னால் ஊருக்கு ஒரு விதி, தன் தங்கைக்கு ஒரு விதி என்றாகிவிடாதா? இருப்பதைத்தானே பார்க்கப் போகிறார்கள், அங்கே இருக்கிற நிலைமைக்கு என்ன பயம் என்று நினைத்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

சின்னக்கா என்ன செய்தாள்? அதிகாரி வீட்டுக்கு வருகிறாள், வீடு இப்படியா கிடப்பது என்று முதல் நாளே தரையைத் தேய்த்துக் கழுவினாள். பக்கத்து வீட்டில் பூப்போட்ட படுக்கை விரிப்பும் இரண்டு நாற்காலியும் இரவல் வாங்கினாள். காலையம்மாவை விடிவதற்கு முன்பே வரச்சொல்லி, மகனுக்குச் சவரம் செய்து, பவுடர் போட்டு, தலையணைகளை அண்டக்கொடுத்து உட்காரவைத்தாள். மூத்திரப் பை விரிப்புக்கு அடியில் போயிற்று. மருந்து வாடை தெரியக்கூடாது என்று ஊதுபத்தி.

மேடம் கெட்டவளில்லை. கொடுத்த காபியைக் குடித்தாள், வீட்டை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று மனசார மெச்சினாள். மற்ற வீடுகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள் அவள். பையனைத் திருப்பிப் படுக்கவைப்பது யார் என்று கேட்டாள்.

“நான்தான் மேடம். பெத்த பிள்ளைக்குச் செய்யுறதுல என்ன கஷ்டம்.”

முதுகில் புண் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

“ஐயோ, எங்க வீட்ல அப்படியெல்லாம் விடமாட்டோம் மேடம்.”

உனக்கு என்னப்பா குறை என்று அவனிடம் கேட்டாள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“எனக்கென்ன மேடம், உக்காந்த இடத்துக்குச் சோறு வருது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கணும், அது ஒண்ணுதான் குறை.”

மேடம் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். பார்த்ததைத்தான் எழுதினாள். தாய் திடமாக இருக்கிறார், தானே கவனித்துக்கொள்கிறார், நோயாளி உற்சாகமாக உட்கார்ந்திருக்கிறார், புண் இல்லை.

குழுக் கூட்டத்தில் நிறுத்த வேண்டிய வீடுகளைப் படிக்கும்போது குமாஸ்தா நடுவில் நிறுத்தி, மெம்பர் சார், அடுத்தது உங்க தங்கச்சி வீடு என்று பணிவாகச் சொன்னார். தலைவர் கதவைப் பார்த்தார். அண்ணன் எழுந்து போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே உட்கார்ந்து யோசிக்கக்கூட நேரமில்லை, அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது சார் என்றார் குமாஸ்தா.

காலையம்மாவை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்து, அன்று சாயங்காலமே சின்னக்கா டயர் கடைக்கு வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். மேடத்தை ஒரு சொல் திட்டவில்லை. தலைவரையும் திட்டவில்லை.

“ஏன்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டைப் பெருக்காமலே விட்டிருப்பேன்ல?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியா?”

அவள் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“மாட்டேன்” என்றாள். “புண்ணும் பீயுமா ஒரு வேத்து மனுஷிகிட்ட எப்படிண்ணே பிள்ளையைக் காட்டுறது?”

 

மேல்முறையீடு செய்தார்கள். நகரசபையில் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். வேன் வைத்து, நான்கு பேர் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வாங்கினார்கள். அந்த வேன் குலுங்கின குலுக்கலில் புண் இன்னும் பெரிதானதுதான் மிச்சம். சான்றிதழைப் பார்த்த குமாஸ்தா, மேடம் போனபோது இல்லாத புண் இப்போது வந்திருக்கிறது என்றால் அது புது விஷயம், அடுத்த சுற்றில் மறுபடி நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்றார். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டதற்கு அவர் உதட்டைப் பிதுக்கினார். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கவேண்டும் என்று அண்ணன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உங்க குடும்ப விஷயம் நிலுவையில் இருக்கும்போது நீங்கள் இதைப் பேசலாமா என்று தலைவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

அப்புறம் அண்ணனே காலையில் போய்ப் புரட்ட ஆரம்பித்தார். லாரி டயரைத் தனியாக உருட்டுகிற ஆள். ஆனாலும் உயிருள்ள உடம்பு வேறு. மாமா, மெதுவா, என்னை ஜாக்கி போட்டுத் தூக்குறியா என்று அவன் கேலி செய்வான். காலையம்மாவை வேறு தெருவுக்குப் போட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவளை அனுப்புகிற கம்பெனிக்குத் தெரிந்து அதையும் நிறுத்தினார்கள். சின்னக்காவின் பிஸ்கட் கம்பெனி வேலையும் போயிற்று. டயர் கடை காலையில் பூட்டியே கிடந்ததால் லாரிக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் புரட்டும்போது அண்ணனின் தோளில் ஏதோ பிசகி, கை தூக்க வராமல் போனது. புண் எலும்பு வரை போயிருந்தது.

நகரசபைக்குச் சொந்தமாக, இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. எழுந்திருக்க முடியாதவர்களை அங்கே வைத்துக்கொள்வார்கள். காலையம்மாவுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு செலவு. அதற்கு யாரும் நேரில் வந்து பார்க்கவில்லை. இடம் உடனே கிடைத்தது. போகிறேன் என்று சொன்னது அவனே. இங்கே ஒரே போர், அங்கே நாலு பேர் பேச்சுத்துணைக்கு இருப்பார்கள் என்றான். சின்னக்கா நம்பினாளோ என்னவோ, நம்பினது போல முகத்தை வைத்துக்கொண்டு, வேன்காரனிடம் தலையை எப்படித் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். வேன் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் அதட்டினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மட்டும் போனார். சின்னக்காவுக்குப் பேருந்துப் படி ஏற முடியவில்லை. ஆட்டோ பேசி அடுத்த வாரம் கூட்டிவருகிறேன் என்று அவனிடம் சொன்னார். அந்தக் கூடத்தில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளியில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டே ஆட்கள். எந்தக் கட்டிலுக்கு எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

“அம்மாவைக் கூட்டிட்டு வராதே மாமா” என்றான்.

“ஏன் மாப்ளே?”

“அவ வந்தா நல்லா இருக்கேன்னு சொல்லணும். உன்கிட்டன்னா சொல்ல வேண்டாம்.”

பிறகு உள்ளதைச் சொன்னான். அண்ணன் கேட்டுக்கொண்டார். பதவிக்காலம் அதற்குள் முடிந்துவிட்டது. கேட்டதை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல ஓர் இடமும் இல்லை.

அவன் அங்கே இருந்த காலமெல்லாம் அண்ணன் தனியாகவே போய்வந்தார். ஒவ்வொரு வாரமும் ஆட்டோ கிடைக்கவில்லை, மழை, வழியில் ரோடு தோண்டியிருக்கிறார்கள் என்று ஏதாவது ஒரு காரணம். திரும்பி வந்து சின்னக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் உள்ளேயிருந்து கேட்பாள்.

“புண்ணு?”

“ஆறிக்கிட்டு வருது.”

அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. அவரும், ஏன் கேட்கவில்லை என்று கேட்டதில்லை.