ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு கை போதும்

என் மூத்த பிள்ளை அப்போது கைக்குழந்தை. எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. எங்களை லாரியில் ஏற்றி, மேட்டிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். என் கணவர் ஈப்போவில் வேலையில் இருந்தார். என்னுடன் மாமியாரும், கொழுந்தனாரின் மனைவியும் வந்திருந்தார்கள். அவளுக்கும் மடியில் பால்குடிக் குழந்தை. அவளுக்கும் கொழுந்தனாருக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

அவள் பினாங்கில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். குழாயடியில் துணி துவைக்கும்போது எனக்குக் கைமொழி கற்றுக்கொடுத்தாள். யாராவது பேசியதை நான் சுருக்கிச் சொன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். முழுவதையும் சொல்லும்வரை விடமாட்டாள். சரியாகத்தான் சொன்னேனா என்று படுத்த பிறகும் யோசிக்கிறவள் நான். அந்தப் பிடி எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூண்டிலிருந்த ஷீட்டுகளை உயரத்தில் ஏற்றி வைக்க, கொழுந்தனார் அன்று காலை ஆற்றுக்கு அக்கரை போயிருந்தார். அங்கிருந்தவர்களை வேறொரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். மதியம் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் எங்களைத் தேடி வந்தார். மாமியாருக்கு மலாய் அவ்வளவாக வராது. அதனால் என்னிடம் பேசினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் மைக்கில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்களாம். கொழுந்தனார் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் பதில் இல்லையாம். ஆற்றில் தேடப் படகு போகப்போகிறதாம்.

அவரை அங்கே காணவில்லையாம் என்று மட்டும் மாமியாரிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

“அவகிட்ட மூச்சு விடாத. பயந்தா பால் வத்திப் போயிரும். அப்புறம் அந்தப் பச்சப்புள்ள என்ன பண்ணும்?”

நானும் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். பாதி நம்பினேன். ஆனால் அவள் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். என் இடுப்பில் பிள்ளை இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு கை போதும். மற்றதற்கெல்லாம் இரண்டு கை வேண்டும். மாமியாரிடம் பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயில் கிடத்தினேன். அது வீறிட்டு அழ அழ, போலீஸ்காரர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மைக், பெயர், பதில் இல்லாதது, படகு.

அவள் முகம் வெளிறியது. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். மைக்கிலா கூப்பிட்டார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தன் காதைத் தொட்டுக் கையை விரித்தாள். அவருக்கு எப்படிக் கேட்கும்?

எங்கள் தோட்டத்தில் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடும்போது, பக்கத்தில் நிற்பவர் கொழுந்தனாரின் தோளைத் தட்டுவார், அவர் கையைத் தூக்குவார். அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்ததோ பல தோட்டத்து ஆட்கள். தட்ட யாருக்குத் தெரியும்?

போலீஸ்காரரிடம் ஓடினேன். கூப்பிட வேண்டாம், போய்ப் பாருங்கள் என்று அவள் சொன்னதை மலாயில் சொன்னேன். நீல பனியன், புருவத்தில் தழும்பு. சும்மா உட்கார மாட்டார், சமையல் நடக்கும் இடத்தில் பாருங்கள். போலீஸ்காரர் வாக்கி-டாக்கியில் அதையெல்லாம் சொன்னார். பதில் வரும்வரை, இவளுக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிட்டேனோ என்று அந்த வாக்கி-டாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. போலீஸ்காரர் சிரித்தார். கொழுந்தனார் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம்.

அதைச் சொன்னதும் அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதாள். முழுவதையும் சொல் என்று என்னைப் பழக்கிய அந்தப் பிடிக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

சாயங்காலம் ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்தார். காலரா ஊசி, காய்ச்சிய தண்ணீர் என்று ஏதோ ஆரம்பித்தார். பிள்ளையை எங்கே விடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மாமியார் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“குடு இங்க. அவ உன் கையையே பாத்துக்கிட்டு இருக்கா, சொல்லு லா.”